மாரிக் கடலும் பரிசு பெற்ற ஏழாம் அத்தியாயமும்

பட்டண நூலகத்தில் சிறுவர் புத்தகங்களுக்கென்று ஓர் அலுமாரி இருந்தது. என் இடுப்பளவு உயரம்தான். அதற்கு முன்னால் குந்தியிருந்துதான் புத்தகம் தேட வேண்டும். இருபத்துநான்கு வயதில், சேலை கசங்க, நான் அப்படிக் குந்தியிருப்பதை நூலகர் சில மாதங்கள் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்.

“டீச்சர், எத்தனையாம் வகுப்புப் பிள்ளையளுக்கு எடுக்கிறீங்கள்?”

“எனக்குத்தான்.”

“உங்களுக்கோ? ஏன், பெரியாக்களின்ர அலுமாரியெல்லாம் முடிஞ்சு போச்சோ?”

“ஓம் சேர். முடிஞ்சு போச்சு.”

அது பொய்யில்லை. தமிழில் கதையென்று அங்கே இருந்த எல்லாவற்றையும் நான் வாசித்துவிட்டேன். அவருக்கும் அது தெரியும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் முத்திரை குத்திக் கொடுத்தவர் அவர்தானே. ஆனாலும் பத்திரிகை மேசையில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “கலியாணத்துக்கு முதலே பிள்ளை வளர்க்கப் பழகிறா போல” என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. மேசை முழுக்கச் சிரித்தது. நான் தெரிந்தெடுத்த நாலு புத்தகத்தையும் பதிந்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். உம்மா குர்ஆன் அழகாக ஓதுவா, தமிழ் எழுத்துத் தெரியாது. வாப்பாவுக்குக் கையெழுத்தும் இல்லை, பெருவிரல்தான். பத்து வயதில் எனக்கு வாசிக்கக் கிடைத்தவை பாடப்புத்தகமும் கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளும் மட்டுமே. மற்றவர்கள் பத்து வயதில் வாசித்ததை நான் ஆசிரியையாகிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு வாசித்தேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பிந்தி வந்தவள் பந்தியில் உட்காரக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை.

அதிலும் பரிசு பெற்ற நாவல்களைத்தான் முதலில் எடுப்பேன். பிள்ளைகளுக்கு எது நல்லதென்று பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து யோசித்துத் தெரிந்தெடுத்தது என்ற நம்பிக்கை. பல தடவை அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஒரு நாவலில் தன் ஆட்டை விற்கப் போகிறார்கள் என்று அறிந்த சிறுமி மூன்று நாள் யாரோடும் பேசமாட்டாள். அந்த மூன்று நாளையும் எழுதியவர் மூன்றே பக்கத்தில் எழுதியிருந்தார். கிண்ணியாத் துறையில், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவை வந்து நின்று போனதைக்கூடக் கவனிக்காமல் நான் அதை வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாதைக்கு முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு எழுதும் நாவலில் எழுத்தாளர் ஒளிந்துகொள்ளப் பெரிய சொற்கள் எத்தனையோ உண்டு. பிள்ளைகளுக்கு எழுதும்போது அவை இல்லை. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் பிடிபட்டுவிடுவார்.

ஒருவர் பிடிபட்டார். ஆனால் பிடித்தவள் நான் மட்டும்தான்.

அந்த வருடம் சிறுவர் நாவலுக்கான பரிசு, எங்கள் கரையைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் வெளியூர்க்காரர். நூலகத்தில் கூடும் வாசகர் வட்டம் அவருக்குப் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானித்தது. வட்டத்தின் செயலாளர் அதே நூலகர். அதில் பெண்ணென்று இருந்தவள் நான் ஒருத்தி. நூலின் சிறப்பை எடுத்துச் சொல்லும் நயவுரைக்கு ஒரு பண்டிதர். நன்றியுரைக்கு நான். “மேடையில ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருந்தா வடிவாயிருக்கும்” என்றார் செயலாளர். நன்றியுரை என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சனம் எழும்பி, கதிரைகள் இழுபட்டு, தேத்தண்ணி வாசம் வரும் நேரத்தில் யாரோ ஒருவர் பெயர்ப் பட்டியல் வாசிப்பது.

நூலாசிரியர் வட்டத்துக்கு அனுப்பியிருந்தது ஒரே ஒரு பிரதி. அது செயலாளரிடம் ஒரு கிழமை, பண்டிதரிடம் இரண்டு கிழமை இருந்துவிட்டு என்னிடம் வந்தது. ஓரம் வெட்டாமல் அச்சுக்கூடத்திலிருந்து வந்த புத்தகம். தாள்கள் மடிப்போடு ஒட்டியபடி இருக்கும், வாசிக்கிறவர்தான் கத்தியால் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னுரைக்கு அப்பால் ஒரு மடிப்பும் பிரிக்கப்படவில்லை. மூன்று கிழமையும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாப்பாவின் வலைக்கத்தியை எடுத்து எல்லாத் தாளையும் நான்தான் பிரித்தேன்.

அன்று பின்னேரம் முற்றத்தில் வாப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உம்மா பக்கத்தில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தா. எங்கள் கரையைப் பற்றிய புத்தகமென்று சொல்லி இருவருக்கும் சத்தமாக வாசித்தேன். ஆறு அத்தியாயம் நன்றாகவே போனது. அதை மறைக்க மாட்டேன், அவருக்கு எழுதத் தெரியும். கதையில் வரும் சிறுவனின் தகப்பன் நோயில் படுத்திருக்கிறார், வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதை வாசித்தபோது உம்மாவின் கை சுளகில் அப்படியே நின்றுவிட்டது.

ஏழாம் அத்தியாயம் மார்கழி மாதம். மீனவர்கள் தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு மரநிழலில் கடதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள். கடல் கண்ணாடித் தட்டுப் போலக் கிடக்கிறது. சிறுவன் தகப்பனின் தோணியைத் தனியே தள்ளிக்கொண்டு போய் மீனோடு திரும்பி வருகிறான். ‘சோம்பேறிகள் தலைகுனிந்தார்கள்’ என்று அத்தியாயம் முடிகிறது.

“மார்கழியிலயா?” என்றார் வாப்பா.

“மார்கழி எண்டுதான் போட்டிருக்கு.”

“எந்த ஊர்க் கடல் புள்ள அது?” என்று சிரித்தார். பிறகு, “அந்தக் கடைசிய இன்னொருக்கா வாசிங்க” என்றார். சோம்பேறிகள் என்ற சொல் வந்ததும் சிரிப்பு நின்றது. நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்தார். “கதைதானே மகள். பெரிய மனுசர் எழுதினது. விடுங்க.”

“கதையெண்டா மாரிக் கடல் அடங்கிடுமா?” என்றா உம்மா. குரல் உயரவில்லை. “ஒங்கட தம்பி என்ன, கடதாசி வெளையாடவா போனாரு?”

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, ஒரு மாரியில் வீட்டில் அரிசி இல்லையென்று தோணியை இறக்கியவர். வாடைக் காற்று கொட்டியாரக் குடாவுக்குள் நேரே நுழையும் காலம் அது. தோணி வெருகல் பக்கம் போய் ஒதுங்கியது. சாச்சா ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியிலும் எங்கள் கரையில் ஆண்கள் தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் சும்மா இருந்ததை நான் பார்த்து வளர்ந்தேன். பசியோடு சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும். அதற்கு இவர் வைத்த பெயர் சோம்பல். அதற்குப் பரிசு.

அடுத்த நாளே பாதையேறி, பஸ் பிடித்து, பண்டிதர் வீட்டுக்குப் போனேன். ஏழாம் அத்தியாயத்தை விரித்துக் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து வாசித்தார்.

“நல்லாத்தானே இருக்கு பிள்ளை?”

“மார்கழியில கடல் இப்படி இருக்காது ஐயா. ஒருத்தரும் தோணி இறக்க ஏலாது.”

“ஏன் இருக்காது?” என்று யன்னலைக் காட்டினார். “இந்தா, இதில இருந்து முப்பது வருசமாப் பாக்கிறன். மாரியோ கோடையோ, கப்பல் ஆடாமல் நிக்குது.”

யன்னலுக்கு வெளியே தெரிந்தது துறைமுகம். மலைகள் சுற்றி மறைத்த தண்ணீர். எந்த மாதத்திலும் அது ஆடாது, அதற்காகத்தானே வெள்ளைக்காரன் வந்து குந்தியிருந்தான். இந்தப் பட்டணத்தில் கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் கடலென்று நினைத்துச் சீவிக்கிறார்கள். சோறோடு தின்னும் மீன் எங்கிருந்து வருகிறதென்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

“இது துறைமுகம் ஐயா. மீன் பிடிக்கிறது வெளிக்கடலில.”

“சிறுவர் நாவல்தானே பிள்ளை. பெரியாக்கள் இதைப் பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கக் கூடாது.”

“நீங்கள் சும்மா கண்ணாலயும் பாக்கேல்லையே. தாளெல்லாம் ஒட்டினபடிதானே என்னட்டை வந்தது” என்றேன்.

அவர் முகம் கறுத்தது. தேத்தண்ணி வரமுதலே நான் எழும்பிவிட்டேன். அன்றைக்கே செயலாளருக்குச் செய்தி போய்விட்டது. “டீச்சர், நன்றியுரையில நன்றி மட்டும்தான் சொல்லுறது, விளங்குதோ?” என்றார் அவர்.

விழாவில் மண்டபம் நிரம்பியிருந்தது. பொன்னாடை, மாலை, கைதட்டல். பண்டிதர் நயவுரைக்கு எழும்பினார். “இந்நூலின் சிகரம் ஏழாம் அத்தியாயம்” என்று தொடங்கினார். மார்கழிக் கடலின் அமைதியை இவ்வளவு உயிரோடு எழுதியவர் வேறில்லையாம். எங்கள் மண்ணையும் எங்கள் மனிதர்களின் குறைகளையும் ஆசிரியர் துணிந்து காட்டியிருக்கிறாராம். அந்தப் புத்தகத்தில் முன்னுரைக்கு அப்பால் அவர் வாசித்தது, பிழையென்று நான் காட்டிய அந்த அத்தியாயம் ஒன்றை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினார். பிறகு செயலாளர் எழும்பி, மாவட்டத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டம் நடத்தப்போகும் வாசிப்புப் போட்டிக்கு இந்த நாவலே பாடநூல் என்று அறிவித்தார். இனி எங்கள் கரைப் பிள்ளைகள் தங்கள் தகப்பன்மார் சோம்பேறிகள் என்று படித்து, அதை எழுதிப் புள்ளி வாங்க வேண்டும்.

என் முறை வந்தபோது சனம் எழும்பத் தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் நன்றி சொன்னேன், ஒரு பெயரையும் விடவில்லை. கடைசியில் சொன்னேன்: “ஏழாம் அத்தியாயம் பிழை. மாரியில் எங்கள் கரையில் தோணி இறக்கினால் ஆள் திரும்பி வருவதில்லை. எங்கள் சாச்சா வரவில்லை. கரையில் இருப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. இதைத் திருத்தாமல் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்.”

பாதியில் ஒலிவாங்கி நின்றுவிட்டது. யாரோ நிறுத்தினார்கள். மிச்சத்தைக் கத்திச் சொன்னேன். எழும்பியவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “ஆர் இவ, கிண்ணியாவோ?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

தேத்தண்ணி மேசையில் நூலாசிரியரே என்னிடம் வந்தார். மரியாதையான மனிதர்தான். “தங்கச்சி, நான் மார்கழியில வந்து ஒரு கிழமை நின்று பார்த்துத்தானே எழுதினனான். தண்ணி அசையவேயில்லை. தோணியெல்லாம் கவிழ்த்துக் கிடந்தது, ஆக்கள் சும்மா இருந்தவை.”

“நீங்கள் தண்ணியப் பார்த்தது துறைமுகத்தில. ஆக்களைப் பார்த்தது வெளிக்கரையில. ஏன் சும்மா இருக்கிறீங்கள் எண்டு அவங்களிட்டக் கேட்டீங்களா?”

அவர் கோப்பையைக் கலக்கினார். “அடுத்த பதிப்பு வந்தால் யோசிப்பம். ஆனால் சின்னப் பிள்ளையள் காத்தையும் மாதத்தையுமே பாக்கப்போகுதுகள்?”

மேலும் பேச வந்த கோபத்தை நான் விழுங்கினேன். அதற்காக இன்றுவரை மன்னிக்கவில்லை, என்னைத்தான்.

போட்டி நடந்தது. விடைத்தாள் திருத்த ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். போகக் கூடாதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நான் போகாவிட்டால் அதைத் திருத்தப்போவது யாரென்று யோசித்துவிட்டுப் போனேன். எட்டாம் கேள்வி: ‘சிறுவன் கடலுக்குச் சென்றபோது மற்றைய மீனவர்கள் ஏன் கரையில் இருந்தனர்?’ புள்ளித் திட்டத்தில் ஒரே சொல், ‘சோம்பலினால்’. இரண்டு புள்ளி. தாள் தாளாக அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. சுத்தமான கையெழுத்தில், கோட்டுக்கு மேல் நேராக. ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். பிள்ளை படித்ததை எழுதியிருக்கிறது, அதற்குப் புள்ளியைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு தாள். ‘மாரியில் கடலுக்குப் போக ஏலாது. போனால் வர ஏலாது. அதனால் இருந்தார்கள்.’

இரண்டு புள்ளி போட்டேன். மேற்பார்வைக்கு இருந்த செயலாளர் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தார்.

“டீச்சர், திட்டத்தில இது இல்லையே?”

“திட்டம் பிழை.”

“திரும்பவும் தொடங்காதேங்கோ. எல்லாருக்கும் ஒரே திட்டம். வெட்டுங்கோ.”

“இது சரியான விடை சேர். இதை என்ட கையால வெட்ட மாட்டன்.”

“ஒரு பிள்ளையின்ர இரண்டு புள்ளிக்கு இவ்வளவு கதையோ?”

“அந்த ஒரு பிள்ளைதான் புத்தகத்தையும் வாசிச்சு, கடலையும் பார்த்திருக்கு.”

அவர் என் கையிலிருந்த சிவப்புப் பேனையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்து, நான் போட்ட இரண்டைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் பூச்சியம் போட்டுத் தன் சுருக்கொப்பம் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மறுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எனக்கு அறிவித்தல் வரவில்லை.

தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்தான். எந்தப் பள்ளிக்கூடம், பெண்ணா ஆணா, தகப்பன் கரையில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. உண்மையை எழுதியதால் இரண்டு புள்ளி போனதென்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தான்தான் பிழையாகப் படித்துவிட்டோம் என்று நினைத்திருக்கும்.