வெந்நீரில் ஒரு துண்டுத் தோல்

காலை 7.10. வேலூரில் பஸ் ஏறும்போதே எனக்கு அலுப்பு. ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் முதல்நாள் ஈரோட்டிலிருந்து வந்த முதுகுவலி இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் ஸ்டெல்லா. என்னோடு கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள்.

தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்பு வேண்டும். தோல் குடித்தது போக மிச்சம் பச்சை நிறக் கழிவுநீராய் வெளியேறும். அதில் மக்னீசியம் ஆக்சைடு தூளைக் கலந்தால் குரோமியம் சேறாய் அடியில் தங்கும். சேற்றை அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் அதே உப்பு, சரக்கு தயார். ராணிப்பேட்டையில் ஷெட் பிடித்து மூன்று வருஷமாக ஸ்டெல்லா இதைத்தான் செய்கிறாள். "கழிவுல எடுத்ததாச்சே" என்று யாரும் வாங்குவதில்லை. ஆம்பூரில் ஒரு தொழிற்சாலை மட்டும் அதைப் போட்டுக் கொஞ்சம் தோல் பதப்படுத்தியிருந்தது. இன்று சோதனை. தேறாவிட்டால் ஷெட்டை மூடுவதாக வீட்டில் சொல்லிவிட்டாள்.

8.45. ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "இன்னா சார், பிரியாணி பதினொரு மணிக்குத்தான் ரெடி" என்றார் ஓட்டுநர். பிரியாணிக்கு வரவில்லை என்று சொன்னதை அவர் நம்பவேயில்லை.

9.15. தொழிற்சாலையில் மாஸ்டர் இஸ்மாயில் பாய் சோதனையை விளக்கினார். ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிஷம். எடுத்துக் கோட்டின் மேல் வைக்க வேண்டும். சுருங்கினால் பதம் ஏறவில்லை.

தோலின் முதுகுப் பக்கம் கத்தியை வைத்தார். அங்கே தோல் கெட்டி, சுருங்காது. தெரிந்தே செய்த தயவு.

"வயித்துல வெட்டுங்க பாய்" என்றாள் ஸ்டெல்லா.

"வேணாம்மா. வயிறு லூசு. பேஜாராய்டும்."

"நாளைக்கு வேற யாராவது கேப்பாங்க பாய். அங்கேயே வெட்டுங்க."

எனக்குக் கோபமே வந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் இவள் வழிவிடச் சொல்கிறாளே!

வயிற்றில் வெட்டிய துண்டு கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு உள்ளே சுருங்கியிருந்தது. ஸ்டெல்லா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் வேறு அடுக்கிலிருந்து, கடைச் சரக்கில் பதப்படுத்திய தோலை இழுத்து, அதிலும் வயிற்றுப் பக்கம் வெட்டி, வரைந்து, வெந்நீரில் போட்டார்.

அதுவும் ஒரு நூல்தான்.

ஸ்கேல் வைத்து இரண்டு தரம் அளந்தார். "ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. திங்கக்கெழம நாலு பேரல் அனுப்பும்மா."

12.20. திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஈரோட்டில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து உப்பை மீட்கும் இடத்தில் எனக்கு வேலை. பார்க்க வருகிறவர்களுக்கு எந்தத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதோ, அதிலிருந்துதான் மொண்டு கொடுப்பேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். அத்தனை அலுப்பிலும் என்னால் கண்ணை மூட முடியவில்லை.