கோடு போட்டும் தெரிகிற பெயர்

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்கெல்லாம் ஒரு கார்டு உண்டு. வீட்டில் யார் யார் என்று அதில் எழுதி, கடைசிப் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் கோடு இழுத்து, கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டு சீல் குத்தியிருப்பார்கள். அதற்குப் பிறகு கோட்டுக்கு அடியில் ஒரு பெயர் சேர்க்க முடியாது. மேலே இருப்பதை எடுக்கவும் முடியாது. சர்க்கார் உதவி எது வந்தாலும் கார்டில் உள்ள பெயருக்குத்தான். எங்கள் கார்டில் மூன்று பெயர் இருந்தது. என் வீட்டுக்காரர், நான், எங்கள் பெரிய மகள்.

கார்டு எழுதியபோது பெரியவள் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் ஓடித் திரிகிற பிள்ளை. கப்பலேறும்போது சின்னவள் என் வயிற்றில் இருந்தாள். மண்டபம் முகாமில் இருந்த மழைக்காலத்தில் பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை. கடலோர மணலில் குழி தோண்டத் தோண்டச் சரிந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் கையாலேயே வாரி வாரி வெளியே தள்ளினார். கொஞ்ச நாளில் சின்னவள் பிறந்தாள்.

செத்ததையும் நாங்கள் எழுதச் சொல்லவில்லை, பிறந்ததையும் எழுதச் சொல்லவில்லை. கார்டைத் திருத்தக் கொடுத்தால் அது எங்கெங்கோ போய்விட்டு வர மாசக்கணக்காகும் என்று முகாமில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். எங்களோடு வந்த சனங்களுக்கு மலையில் வேலை என்று லாரி வரப்போகிற நேரம்.

"நம்ம ஆளுங்க எல்லாம் போயிருவாங்க. நாம மட்டும் இந்த உப்புக் காத்துல கெடக்கணுமா?" என்றார் அவர். எனக்கு யார் முன்னாலும் பேச வராது. அவரிடம்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன்.

கொடைக்கானலுக்கு மேலே காட்டில், தோல் பதனிட வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற வேலை. பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை. பட்டைச் சாறு கையில் ஏறினால் சோறு பிசையும்போதும் கசக்கும். அவர் பெரியவளைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நான் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அவர் வேலைக்குப் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து அவள் பெயரை வாசிப்பேன். அந்தப் பெயர் எழுதியிருந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

சின்னவள் பள்ளிக்கூட வயதுக்கு வந்தாள். காட்டில் ஏது பள்ளிக்கூடம்? டவுனில் மிஷன் ஹாஸ்டலில் இருந்த சிஸ்டர் அவளைப் பார்த்துவிட்டு, "நல்ல சூட்டிப்பான பிள்ளைம்மா. ஜூன்ல கொண்டாந்து விடுங்க. சிலோன் பிள்ளைங்களுக்கு கவர்ன்மென்ட் கிராண்ட் இருக்கு. கார்டுல பேர் இருக்குன்னு ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்தாப் போதும்" என்றார்கள்.

சின்னவளைக் குடிசையில் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். மப்ளர் சுற்றிய கிளார்க் ஒருவர் இருந்தார். அவர் கார்டைப் பார்த்தார், உள்ளேயிருந்து ஆபீஸ் நகலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்.

"கோடு போட்டு சீல் வச்சாச்சேய்யா. இதுக்குக் கீழ நான் ஒரு எழுத்து எழுதுனா எஞ் சோலி போயிரும். பெரிய ஆபீசுல உத்தரவு வாங்கித்தான் தொறக்கணும். தொறந்தா உள்ள இருக்குற மூணு பேரையும் நேர்ல பாக்கணும். மூத்த பிள்ள எங்க?"

"ஊர்ல சொந்தக்காரவுங்க வீட்டுல இருக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப கூட்டிட்டு வெள்ளனே வாங்க. நேரங்கழிச்சு வந்து நிக்காதீங்க."

குடிசைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் பக்கத்துக் குடிசை அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளும் எங்களோடு கப்பலில் வந்தவள்.

"ஏ புள்ள, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்த? கார்டுல பேரு இருக்கு, வீட்டுல புள்ள இருக்கு. பெரியவ பேருல சின்னவளச் சேத்துவிடு. கார்டத் தொறக்க வேணாம், பேப்பரு மட்டும் போதும்னு சொல்லு. கீழ மரம் வெட்டுற கூப்புல ரெண்டு வீட்டுல அப்பிடித்தான் செஞ்சிருக்காக."

"வயசு ஒத்து வராதே அக்கா."

"நாம திங்கிற சோத்துக்கு நம்ம புள்ளைக வளந்துட்டாலும்! சத்தில்லாம குட்டையாப் போச்சுன்னு சொல்லு. எந்த ஆபீசரும் நம்புவான்."

என் வீட்டுக்காரருக்கும் அது சரியென்று பட்டது. அக்காவே சின்னவளை மடியில் வைத்துப் பழக்கினாள். "ஆபீசுல இந்தப் பேரக் கூப்பிட்டா நாந்தான்னு சொல்லணும், என்னா?"

"அப்ப எம் பேரு?"

"அது வீட்டுல கூப்புட."

பிள்ளைக்கு இரண்டு பெயர் கிடைத்த சந்தோஷம். குடிசையைச் சுற்றிச் சுற்றி அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினாள். அவர் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாளாக யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர்.

ஆபீஸ் வராந்தாவில் கூட்டம். மூடுபனி உள்ளே வரைக்கும் வந்திருந்தது. எங்கள் முறை வந்தது. கிளார்க் கார்டை விரித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பெரியவள் பெயரைக் கூப்பிட்டார்.

"நாந்தான்!" என்று சின்னவள் கையைத் தூக்கினாள்.

"இல்லைங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "இவ இல்லைங்க. அது வேற புள்ள. செத்துப் போச்சுங்க."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோபமில்லை. குழியில் மண் சரிந்த அன்றைக்கு இருந்த முகம்.

கிளார்க் கத்தினார். "போன தடவ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஊர்ல இருக்குன்னு சொன்னது யாரு?" கத்திவிட்டு, நான் அழுவதைப் பார்த்தாரோ என்னவோ, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "சொல்லும்மா. எங்க, எப்ப?"

அன்றைக்கு நான்தான் எல்லாம் சொன்னேன்.

உத்தரவு வெரசாய் வரவில்லை. ஜூன் போனது. ஹாஸ்டலில் இடம் வேறு பிள்ளைக்குப் போனது. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? பேசாதவ பேசுனா இப்பிடித்தான்" என்று அக்கா பட்டை உரிக்கிற இடத்திலெல்லாம் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சின்னவள் அந்த வருஷம் முழுக்க எங்களோடு காட்டில் சுள்ளி பொறுக்கினாள். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. தேவைக்கு மட்டும் பேசினார்.

அடுத்த கோடைக்கு முன்னால் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பெரிய ஆபீசர் வந்திருந்தார். கிளார்க் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, பெரியவள் பெயரின் மேல் கோடு இழுக்கப் போனார். என்னை அறியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"முழுசா அழிச்சுருவீங்களா சார்?"

"அழிக்கக் கூடாதும்மா. அழிச்சா எங்க மேலதான் கேசு வரும். ஒத்தக் கோடுதான். கோட்டுக்குள்ள பேரு நல்லா வாசிக்கிற மாதிரி இருக்கணும். முன்னாடி யாரு இருந்தாங்கன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல?"

கோடு இழுத்தார். ஓரத்தில் இறப்பு என்று எழுதினார். ஆபீசர் பக்கத்திலேயே சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பழைய சிவப்புக் கோட்டுக்கு அடியில் சின்னவள் பெயரை எழுதி, அவளுக்கு அடியில் புதுக்கோடு இழுத்து, சீலை ஊதிக் குத்தினார்கள். ஆபீஸ் நகலிலும் அதே மாதிரி.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கேரட் மூட்டை ஏற்றுகிற லாரி பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். சின்னவள் கேரட் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் கார்டை மடிப்பு விரித்து என்னிடம் நீட்டினார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"வாசி புள்ள."

அவர் பெயரை வாசித்தேன். என் பெயர். அப்புறம் நின்றேன். சின்னவள் பெயருக்குப் போக வாயெடுத்தேன்.

"அத விட்டுட்டியே" என்றார். கோட்டின் மேல் விரலை வைத்திருந்தார். "தெரியுதுன்னு சொன்னாருல்ல?"

"தெரியுது."

வாசித்தேன். அவர் தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தார். மூட்டை ஏற்றுகிறவர்கள் என்னவோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல" என்றார். "இன்னொருக்கா வாசி."