இருமல் கேட்டு வேண்டினேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எட்டாவது வரை படித்தவன் நான். அண்ணாமலையார் செய்ததைச் சரியாகச் சொல்ல வருமா என்ற பயம். போன மாதம் ஓர் அம்மா, இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "உங்க பொண்ணுக்குக் கற்பூரப் புகையிலயே சரியாயிடுச்சாமே, எம்புள்ளைக்கும் காட்டுங்கண்ணா" என்று நின்றார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் எனக்கு டீக்கடை. பின்னாலேயே வீடு. 1998 மாசி மாதம். மகள் தேவிக்கு ஏழு வயது. ஒரு மாதமாக இருமல், சாயந்திரமானால் காய்ச்சல். ஆள் பாதியாகிவிட்டாள். மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அங்கே பச்சைக் குழந்தை. நாங்கள் போகக் கூடாது, அவளும் வரக் கூடாது. காசநோயாம் என்று பேச்சு பரவியதும் கடைப்பக்கம் யாரும் வரவில்லை. நானே டீ போட்டு நானே குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள்; காசநோய் இருந்தால் வீங்குவது போல வீங்கியது. மார்பைப் படம் எடுத்தார்கள். சாதாரண நெஞ்சுச் சளியாகவும் இருக்கலாம் என்றார்கள். ரத்தம் எடுத்தும் தெளிவாகவில்லை. "சளியில கிருமியைக் கண்ணால பாத்துட்டா சந்தேகமே இல்லைங்க. தப்பான மருந்து கொடுத்து நாளைக் கடத்தினா குழந்தை தாங்காது" என்றார் டாக்டர். விடிந்ததும் வெறும் வயிற்றில் இருமித் துப்பச் சொல்லி, மூடி போட்ட டப்பா கொடுத்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ராத்திரியெல்லாம் இருமியவள், டப்பாவை நீட்டினால் இருமவே மாட்டாள். "வரலப்பா, முழுங்கிட்டேன்" என்று அழுவாள். கொண்டுபோனதைப் பார்த்த பரிசோதனைக்கூடத்துப் பெண், "இது வெறும் எச்சில்ங்க. பாப்பா துப்புச்சா, நீங்க துப்பினீங்களா?" என்றார். அடுத்ததும் இப்படியானால் வேலூருக்குப் போய், மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள்.

அன்றைக்குப் பௌர்ணமி. வாசலில் ஜனம் ஓயவில்லை, அரோகரா சத்தமும் ஓயவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவளும் மட்டும். அத்தனை கூட்டத்தில் எங்களுக்கென்று ஒரு ஆள் இல்லை. விடிகிற நேரம் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தேன். ஒரு மாதமாக இருமலை நிறுத்து என்று கெஞ்சியவன், "அப்பனே, ஒரே ஒரு இருமல் குடு" என்று கேட்டேன்.

எதிரே யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். புகை உள்ளே வந்தது. தேவி எழுந்து உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து இருமினாள். டப்பாவை நீட்டினேன்.

"அப்பா, வந்துடுச்சு!"

கெட்டியான சளி. அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதில் கிருமி தெரிந்தது. காசநோய்தான். ஆறு மாதம், ஒரு வேளை விடாமல் மாத்திரை. புகையைப் பற்றிச் சொன்னதற்கு டாக்டர் திட்டினார். இருமுகிற பிள்ளைக்குப் புகை ஆகவே ஆகாதாம். இன்று தேவி தன் தம்பியை இழுத்துக்கொண்டு மலை சுற்றுகிறாள். அன்று முதல் பௌர்ணமிக்கு என் கதவைச் சாத்துவதில்லை.

அன்பர்களே, யாருமில்லை என்று தோன்றுகிற நேரத்தில் அவனைக் கூப்பிடுங்கள். கேட்கிறான். கடைக்கு வந்த அந்த அம்மாவும் தனியாகத்தான் வந்திருந்தார். டீ கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். புகை குணமாக்கியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் கேட்டது ஒரு இருமல். அதை அவன் கொடுத்தான். அந்த ஆறு மாத மாத்திரையையும் சேர்த்தே சொல்லுங்கள்.