ஊரிலை எவடம்?

மகள் தொழிற்பயிற்சிக்கு எழுதிப்போட்ட விண்ணப்பம் எல்லாம் திரும்பி வந்தது. வெள்ளைக்காரன் பெயரைப் பார்த்தே தூக்கிப் போடுகிறான், எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நம்பி, தமிழ்த் தொழில்வல்லுநர்கள் கூடும் மண்டபத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பீலெஃபெல்டிலிருந்து கொலோன் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மேடையில் ஒருவர், தமிழனுக்குத் தமிழன் கைகொடுக்கவேண்டும் என்று அரைமணிநேரம் முழங்கினார். ஆய்வுகூடமொன்றில் பொறுப்பில் இருப்பவராம். இறங்கி வந்ததும் மகளின் கோப்பை நீட்டினேன். நின்றபடியே புரட்டினார்.

"பிள்ளை கெட்டிக்காரி. எங்கடை ஆய்வுகூடத்திலை ஒரு அவுஸ்பில்டுங், பயிற்சி இடம் கிடக்கு. நான் மேலதிகாரியோடை கதைக்கிறன்."

வயிற்றில் பால் வார்த்தார். உடனே என்னிடம் அடுத்த கேள்வி வந்தது.

"அதுசரி, ஊரிலை எவடம் தங்கச்சி?"

இது ஊரை அறிகிற கேள்வியல்ல, சாதியை அறிகிற கேள்வி. முப்பது வருடம் இந்த ஜெர்மன் பனியில் நடந்தும் இவர்களுக்கு இது மட்டும் விறைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் கோப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன்.

மனிதர் பூரித்துப்போனார். "இஞ்சை வாரும், எங்கடை ஊர்ப் பிள்ளை!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ரோல்ஸ் தட்டோடு வந்து நீட்டினார்.

"எந்தக் கோயிலடிப் பக்கம்? ஆற்றை மகள் நீர்?"

அந்த ஊரில் எனக்கு ஏது தகப்பன்? ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன். நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து மகள் உதவிக்கு வந்தாள்.

"இல்லை அங்கிள், அம்மா மாறிச் சொல்லிப்போட்டா" என்று எங்கள் ஊரின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னாள். பெருமையாகவே சொன்னாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தட்டு அடுத்த மேசைக்குப் போனது. அவர் கோப்பை மூடி என் கையில் வைத்தார்.

"இடம் இருக்கோ தெரியேல்லை. ஒரு மெயில் போட்டுவிடுங்கோ, பாப்பம்."

மெயில் முகவரியைக்கூடத் தரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். பொய் சொல்லிப் பிடிபட்டவள் எந்த வாயால் கேட்பது?

திரும்பும் ரயிலில் மகள் கேட்டாள்: "அம்மா, எங்கடை ஊரிலை என்ன பிழை?"

பத்தொன்பது வருடம் அவளுக்குத் தெரியாமல் பொத்தி வைத்திருந்தேன். வழியில் ஹாம் நிலையம் வந்து சேருவதற்குள், நாங்கள் என்ன சாதி என்று என் வாயாலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.