இந்தக் கையில் வேண்டாம்

அறுபதுகளின் தொடக்கத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "அந்தப் பக்கத்துக் கையில ஊசி போட விடாதம்மா. வீக்கம் வந்துட்டா லேசுல வத்தாது."

ஊரில் வயிற்றுக்கட்டி என்றே சொல்லி வைத்திருந்தோம்.

பழனித் திருவிழாவுக்குப் போக வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நின்றோம். திருவிழாவுக்குப் போகிற எல்லாருக்கும் காலரா ஊசி போட்டுத்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊசி போடுகிறவர் என் இடது கையைப் பிடித்தார்.

"வலது கையில போடுங்கய்யா."

"எல்லாருக்கும் இடதுலதாம்மா. பஸ் கிளம்பப் போகுது."

பிடியை விடவில்லை. ஈரப்பஞ்சு தோளில் பட்டது. பின்னால் நின்றதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். ஊசி நெருங்கியதும் கையை உதறினேன்.

"எனக்கு மார்புல புத்துநோய்னு ஆபரேஷன் பண்ணியிருக்கு. இதுல போட்டா கை வீங்கிரும்."

அவர் தலை குனிந்தபடி வலது கையில் போட்டார்.

பஸ்ஸில் ஏறப்போகையில், எங்கள் தெருப் பேச்சியம்மா என் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கும் அங்கன ஒரு கட்டி இருக்கு. யார்ட்டயும் சொல்லல. எந்த ஆஸ்பத்திரிக்குப் போன?"

நாங்கள் பழனிக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.

என் கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன். வேறொருத்தி அதற்காகவே காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.