சுகன்யாவின் முதல் சாய்ஸ்

போன வாரம் நெல்லித்தோப்பில் ஒரு அம்மாவும் மகளும் என் ஆட்டோவில் ஏறினார்கள். லாஸ்பேட்டைக்குப் போக வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண் போலிருக்கிறது. மடியில் பிளாஸ்டிக் ஃபைல், கையில் போன். ஏறியதிலிருந்து தலை நிமிரவில்லை.

“அம்மா, ஏஐ மேல போடவா, டேட்டா சயின்ஸ் மேல போடவா?”

“எது நல்லாருக்கோ அத மேல போடு” என்றார் அம்மா. நானும் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவர் மேல் எனக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது.

“ஓடிபி வந்துடுச்சும்மா. லாக் பண்ணிடறேன்.”

என் வாய் சும்மா இருக்காது. “பாப்பா, லாக் பண்றதுக்கு முன்னாடி மேலேர்ந்து ஒரு வாட்டி படிச்சுப் பாத்துக்கோ” என்றேன்.

அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே.”

நியாயம்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, பெஞ்சுக்கே என்னைச் சலித்துப்போன பிறகு வெளியே வந்தவன் நான். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, நாலு ஜூன் மாதங்கள் இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் எந்த இன்ஜினீயரிங் படிப்பது என்று முடிவு செய்தது இந்த எட்டாவது ஃபெயில்தான். பாதி என்பது கொஞ்சம் ஓவர். வருஷத்துக்கு ஒரு நாற்பது பேர் என்று வையுங்கள். இதைச் சொல்லியிருந்தால் அந்தம்மா விமான நிலையத்துத் திருப்பத்திலேயே இறங்கியிருப்பார்.

அவர்களை இறக்கிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே யாரோ எதற்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை என் மூக்கில் ஏறினால் போதும், அது எந்த மாதமாக இருந்தாலும் எனக்கு ஜூன் பிறந்துவிடும். சவாரி தேடாமல் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் உட்கார ஒரு காரணம் கிடைத்தால் போதும், உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரும் லாஸ்பேட்டையில்தான் இருந்தது. முதலாளியின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் மகனையும் ஊரே பிரெஞ்சுக்காரர் மாதிரி ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். முசியே காலையில் வருவார், மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவார், எனக்கு ‘போன்ழூர்’ என்று ஒரு பிரெஞ்சு வணக்கம் போடுவார், பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அப்புறம் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஃபேன் எல்லாவற்றுக்கும் நான்தான் ராஜா. ஃபேன் மட்டும் என் பேச்சைக் கேட்காது.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி வார்த்தையைக் கண்டுபிடித்துவிடுவேன். சிவில் என்பது குள்ளம். மெக்கானிக்கல் நல்ல நீளம். கம்ப்யூட்டர் நடுத்தரம். எலக்ட்ரிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் இரட்டைப் பிள்ளைகள், வாலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இந்தப் படிப்பாளிதான், “சார்... தம்பி, எந்த கோர்ஸ்ப்பா நல்லது?” என்று கேட்கிறவர்களுக்கு வழி சொல்வது. என்னிடம் ஒரு முறை இருந்தது. சொந்தத்தில் மேஸ்திரி யாராவது இருந்தால் சிவில். வீட்டில் ஃபியூஸ் போடத் தெரிந்த பையன் என்றால் எலக்ட்ரிக்கல். எதுவும் தெரியாது என்றால் கம்ப்யூட்டர். பெண் பிள்ளை என்றால் கேள்வியே இல்லை, கம்ப்யூட்டர். இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று யோசிக்க எனக்கு நேரமும் இல்லை, மண்டையும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கவுன்சிலிங் ஃபாரத்தில் போன் நம்பர் கேட்கும். வைத்திக்குப்பத்திலிருந்து வருகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே போன்தான் இருக்கும், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். “உன் நம்பரையே போட்டுக்கப்பா” என்பார்கள். போடுவேன். பாஸ்வேர்டும் நான் வைப்பதுதான். எல்லோருக்கும் ஒன்றே ஒன்று, என் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். எந்தப் படிப்பு முதலில், எது அடுத்தது என்று போடுகிற லிஸ்டைத் திறப்பதற்கான ஓடிபியும் என் சட்டைப் பைக்குத்தான் வரும், சீட்டு கிடைத்த செய்தியும் அங்கேதான் வந்து விழும். ஜூன் மாதம் முழுக்க என் நெஞ்சுக்கு மேல் நாற்பது பிள்ளைகளின் எதிர்காலம் ‘டிங்’ ‘டிங்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரிக்காதீர்கள்.

அப்படி ஒரு ஜூனில்தான் சுகன்யா வந்தாள். வைத்திக்குப்பத்து ஏழுமலை அண்ணனின் மகள். அண்ணனுக்குக் கடலுக்குப் போகச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட்டு. அதன் பேப்பர்களை ஜெராக்ஸ் எடுக்க அடிக்கடி வருவார். மற்ற பிள்ளைகள் மாதிரி ‘எதைப் போடலாம்’ என்று கேட்காமல் அவளே லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் மெக்கானிக்கல். இரண்டாவது, வேறொரு காலேஜில் மெக்கானிக்கல். மூன்றாவதும் அதுவே. கம்ப்யூட்டர் எங்கேயோ அடியில் கிடந்தது. மார்க்கைப் பார்த்தேன், எதைக் கேட்டாலும் கிடைக்கிற மார்க்.

“ஏம்மா, பொம்பளப்புள்ள மெக்கானிக்கல் படிச்சுட்டு லாரிக்கு அடியில படுக்கப் போறியா?”

“படுத்தா என்னாண்ணா? நீ தெனமும் அந்த பிரிண்டருக்கு அடியிலதான படுத்துருக்க.”

உண்மை. பிரிண்டர் அன்றும் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றது. அவள் எழுந்து வந்து மூடியைத் திறந்தாள். “ரோலர் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குண்ணா. திருப்பி மாட்டுனா ஆறு மாசம் ஓடும்” என்றாள். மாட்டினாள். ஓடியது. பேச்சுக்கு இடையில்தான் தெரிந்தது, அப்பாவின் போட்டு எஞ்சினைக் கழற்றி மாட்டுவதே அவள்தான். குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களாம். அதனால் எஞ்சினைத் தனியாக மணலில் இறக்கி வைக்கச் சொல்லி, அங்கே வைத்துப் பிரிப்பாளாம். “நாசில் அடைச்சிருந்தா ஊதிப் பாத்தே சொல்லிடுவேன்” என்றாள். அதை அவள் சொன்ன முகத்தை எப்படிச் சொல்வது? சாப்பிட உட்காரும்போது எனக்கு அப்படி முகம் இருக்கும்.

அவள் எழுதியபடியே போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். நாலு வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். அதுவும் ஒரு நாள்தான் நின்றது.

மறுநாள் மூன்று மணிக்கு ஏழுமலை அண்ணன் தனியாக வந்தார். அன்றுதான் கடைசி நாள், லிஸ்டை ஐந்து மணி வரைக்கும் திறந்து மாற்றலாம். எப்போதும் ‘டேய் தம்பி’ என்று கூப்பிடுகிறவர், அன்று வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

“சார், பாப்பா என்னா சார் போட்டிருக்கு?”

சொன்னேன்.

இரண்டு கையையும் என் கீபோர்டுக்கு மேல் விரித்துக் காட்டினார். ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. “எத்தினி சோப்பு போட்டாலும் போவாது சார் இது. பாப்பா கையும் இப்பவே இப்படி ஆயிட்டு வருது. குப்பத்துல சிரிக்கிறானுங்க. கம்ப்யூட்டர மேல தூக்கிப் போட்டுடு. ஏசி ரூமுல ஒக்காரட்டும்.”

“பாப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு...”

“அதுக்குத் தெரிய வேணாம் சார். தானா கெடச்சா சந்தோசமாப் போயிடும்.”

கொண்டுவந்திருந்த பையை மேசைக்கு அடியில் வைத்தார். உள்ளே எறா, நல்ல பெரிய இறால். எறாவுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், எனக்கும் வசதியாகப் போய்விடும். எறா இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். அத்தனை ‘சார்’ போட்டு யாரும் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை. அதோடு அவர் கேட்டது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. பெண் பிள்ளை, கம்ப்யூட்டர், ஏசி ரூம். என்னுடைய முறையே அதுதானே. ஓடிபி என் பைக்குள்தான் வந்தது. இரண்டு நிமிஷ வேலை. நீளமான வார்த்தையைக் கீழே இறக்கி, நடுத்தரமான வார்த்தையை மேலே ஏற்றினேன். லாக்.

நாலாம் நாள் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள்’ என்று ஆரம்பித்து, கம்ப்யூட்டர் சீட்டு. சொல்லியனுப்பினேன். சுகன்யா வந்து சீட்டு பேப்பரை வாங்கினாள். நான் முன்னால் கொடுத்த பிரிண்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அண்ணா, இதுல மெக்கானிக்கல் மொதல்ல இருக்கு. இதுல கம்ப்யூட்டர் மொதல்ல இருக்கு.”

“சர்வர் பிராப்ளமா இருக்கும்மா. கடைசி நாள்ல லோடு ஜாஸ்தி.”

“மெஷினு தானா மாத்தாதுண்ணா. யாராவது கை வச்சாத்தான் மாறும்.”

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். நாலு வருஷத்தில் அதை நான் துடைத்ததே இல்லை.

“செரி, ரெண்டாவது ரவுண்டுல மாத்திக்கலாம்ல?”

அங்கேதான் முடிச்சு. இரண்டாவது சாய்ஸ், மூன்றாவது சாய்ஸ் கிடைத்தவர்கள் அடுத்த சுற்றில் மேலே இருப்பதற்குக் காத்திருக்கலாம். முதல் சாய்ஸே கிடைத்துவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேலே ஒன்றும் இல்லையே. சேர வேண்டும், இல்லையென்றால் சீட்டை விட்டுவிட வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான். லிஸ்டை மாற்றும்போது மட்டும் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

சொன்னேன்.

“அப்ப நான் கேட்டதுதான் எனக்குக் கெடச்சிருக்குன்னு நெனச்சுப்பாங்க.”

“ஆமாம்மா.”

சீட்டு பேப்பரை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மெக்கானிக்கல் பேப்பர் மேசையிலேயே கிடந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அன்றைக்கே யாருக்கோ டெஸ்ட் பிரிண்ட் எடுத்தேன். அவ்வளவுதான் நான்.

கதை சோகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். அவள் நன்றாகவே படித்தாள். சென்னையில் கம்பெனி, ஏசி, கழுத்தில் தொங்கும் கார்டு. ஏழுமலை அண்ணன் ரோட்டில் எங்கே பார்த்தாலும் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நானும் தூக்குவேன். அவள் மட்டும் அதற்கப்புறம் கடைப் பக்கம் வரவேயில்லை. அடுத்த ஜூனிலிருந்து யாருமே வரவில்லை. எல்லோர் கையிலும் போன், எல்லோருக்கும் அவரவர் ஓடிபி. முசியே கடையைக் காலி செய்துவிட்டுப் பிரான்சுக்கு மகளிடம் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது மோமோ விற்கிறார்கள். நான் ஆட்டோவுக்கு வந்தேன். இங்கே ஹேண்டில்பாரை மேலே கீழே மாற்ற முடியாது, அது ஒரு நிம்மதி.

போன தை மாதம் ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். காலைச் சடங்கெல்லாம் முடிந்து, சுகன்யா கடற்கரை மணலில் தனியாக நின்றிருந்தாள். போட்டையும் எஞ்சினையும் சேர்த்துச் சித்தப்பா விற்றுவிட்டார் என்று சொன்னாள். அப்புறம், சாதாரணமாக விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

“அன்னிக்கு லிஸ்ட மாத்துனது யாருண்ணா? அப்பாவா?”

மொட்டை போட்டுக்கொண்டு அவள் தம்பி கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவரைக் கரைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“சேச்சே, அவருக்கு என்னாம்மா தெரியும்? நான்தான். அவசரத்துல மேல கீழ தட்டிட்டேன். எட்டாவது ஃபெயிலுகிட்ட குடுத்தா அப்படித்தான ஆவும்.”

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா, நம்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாளா, எனக்குத் தெரியவில்லை.

“செரிண்ணா. நீயா இருந்தா போயிட்டுப் போவுது” என்றாள்.

அப்போது தூரத்தில் ஒரு போட்டு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வெயிலில் ஆள் அடையாளம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

“முன்னல்லாம் சத்தத்த வச்சே யாரு போட்டுன்னு சொல்லிடுவேண்ணா. இப்ப எல்லாம் ஒரே மாதிரி கேக்குது.”

எனக்கும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனால் எனக்கு என்றைக்குமே அப்படித்தான்.