வினாகிரி துடைத்த பெயர்

பலெர்மோவில் ஏடெழுதி வாழ்ந்த ஒரு யூதரின் பெயரை மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன். கையெழுத்து பல ஏடுகளில் இருந்தது. பெயர் எதிலும் இல்லை. அது கிடைக்காவிட்டால் என் ஆய்வேடு வெறும் ஊகம்.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் யூதர்களைச் சிசிலியிலிருந்து துரத்தினார்கள். அவர்கள் விட்டுப்போன தோல் ஏடுகளை பத்திரம் எழுதும் நொத்தாரிசுமார் கிழித்துத் தங்கள் பதிவேடுகளுக்கு அட்டையாகக் கட்டிக்கொண்டார்கள். அப்படி ஓர் அட்டை, பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் அம்மா துப்புரவு வேலை செய்யும் வீட்டில் இருந்தது. அம்மா கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். அதே கையெழுத்து. அதுவும் நூலின் கடைசிப் பக்கம். எழுதி முடித்தவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் அங்கேதான் எழுதிவைப்பார்.

'நான்' என்ற சொல் தெளிவாக இருந்தது. அடுத்து வரவேண்டிய பெயரின்மேல் அழுக்கு.

"அந்த இடத்தை ஊத்தை மறைக்குது அம்மா," என்றேன். தொடவேண்டாம் என்று சொல்லவில்லை.

"வீட்டுக்காரச் சினியோரா உன்னைச் செவ்வாய்க்கிழமை வரட்டாம்," என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை அம்மாதான் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வா பிள்ளை. இப்ப பார், பளிச்செண்டு கிடக்கு. வினாகிரித் தண்ணியாலை மெதுவாய்த்தான் துடைச்சனான். ஊத்தையோடை உன்ரை கையிலை தரேலுமே?"

'நான்' இருந்தது. அதற்குப் பிறகு புளிப்பு நெடியோடு வெளிறிய தோல். புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கிழித்தவர்கள்கூட அந்தப் பெயரை விட்டுவைத்திருந்தார்கள்.

"ஆர் எழுதினதாம்?"

"தெரியேல்லை அம்மா."

"இவ்வளவு படிச்சும் தெரியேல்லையோ? என்ரை துடைப்புத்தான் வீண்!" என்று சிரித்தார். பிறகு சினியோராவின் பக்கம் திரும்பி, என் மகள் எபிரேயம் வாசிப்பாள் என்று இத்தாலிய மொழியில் சொன்னார். தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதவர் அம்மா.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். தோல் ஏட்டில் ஈரம் படக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே சொல்லித்தந்தது. வீட்டில் அதை ஒருநாளும் கதைத்ததில்லை. அவர்களுக்கு என்ன விளங்கப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆய்வேட்டில் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அழிந்துவிட்டது' என்று எழுதினேன். எப்போது அழிந்தது என்று பேராசிரியர் கேட்டார்.

பழைய காலத்தில் என்றேன்.